லாக்ரோஸ் முன்னோடிகள்: கேள்வி பதில்

முனையில் வலை கட்டிய மட்டையால் பந்தைப் பிடித்து, ஏந்திக்கொண்டு ஓடி, எதிரணியின் கோலுக்குள் எறியும் ஆட்டம் லாக்ரோஸ். வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் ஆட்டம். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இது மறுபடியும் வருவதால் பலர் இதன் பழைய ஆட்டக்காரர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கேள்விகளைச் சுருக்கித் தந்து பதில் எழுதியிருக்கிறேன்.

லாக்ரோஸின் தந்தை ஒரு பல் மருத்துவர் என்கிறார்களே சார், உண்மையா? (கல்லூரி மாணவர்)

உண்மைதான். வில்லியம் ஜார்ஜ் பியர்ஸ், 1843-இல் கனடாவின் மொன்றியல் நகரில் பிறந்தவர். கோல்கீப்பர். 1860-இல் பிரிட்டிஷ் இளவரசர் கனடா வந்தபோது, அவர் முன்னால் நடந்த ஆட்டத்தில் பதினேழு வயதுப் பையனாகக் கோல் காத்தார். 1867-இல் இவர் வகுத்த விதிகள் பரவின. அணிக்கு 12 பேர், மான்தோல் பந்து போய் ரப்பர் பந்து என்று ஆட்டம் ஒரு கட்டுக்குள் வந்தது. அதே ஆண்டு கிங்ஸ்டன் நகரில் தேசிய லாக்ரோஸ் சங்கமும் உருவானது. தொழிலிலும் மனிதர் சும்மா இருக்கவில்லை. கனடாவின் முதல் பல் மருத்துவ இதழைத் தொடங்கியவரும் அவர்தான்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பூர்வகுடி இனங்களில் ஒன்றான மோஹாக் மக்கள் தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த ஆட்டத்துக்குத்தான் அவர் விதி எழுதினார்.

1859-லேயே கனடா நாடாளுமன்றம் இதைத் தேசிய விளையாட்டாக அறிவித்தது என்று படித்தேன். சரியா? (வினாடி வினா நடத்துபவர்)

தவறு. இன்றைய கனடா நாடே 1867-இல்தான் உருவானது. தேசிய விளையாட்டு என்று ஊர் ஊராகப் பேசியும் எழுதியும் பரப்பியவர் பியர்ஸ். சட்டப்படி கோடைக்கால தேசிய விளையாட்டு ஆனது 1994-இல். வினாத்தாளில் இருந்தால் திருத்திவிடுங்கள்.

அந்த மோஹாக் ஆட்டக்காரர்கள் யார்? ஒருவர் பெயரைக்கூட எங்கும் காணோமே? (பள்ளி ஆசிரியை)

நல்ல கேள்வி அம்மா. ஒரு பெயராவது எல்லோருக்கும் தெரிய வேண்டும்: பிக் ஜான் கனடியன். மொன்றியலுக்கு எதிர்க்கரையில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றோரம் உள்ள கானவாகே ஊர்க்காரர். லஷீன் என்ற இடத்தில் ஆறு பாறைகளுக்கு நடுவே சுழித்துக்கொண்டு இறங்கும். அங்கே படகுகளையும் நீராவிக் கப்பல்களையும் பத்திரமாக ஓட்டிச் செல்வது அவருக்குத் தொழில். 1876-இல் பியர்ஸ் இரண்டு அணிகளை பிரிட்டனுக்கு அழைத்துப் போனார். ஒன்று மொன்றியல் கனவான்களின் அணி, மற்றது பிக் ஜான் தலைமையில் போன மோஹாக் அணி. விண்ட்சர் அரண்மனையில் விக்டோரியா மகாராணி முன்பும் ஆடினார்கள்.

இவ்வளவு மரியாதை கிடைத்து நான்கே ஆண்டுகள்தான். 1880-இல் அதே தேசிய சங்கம் பூர்வகுடி அணிகளைத் தன் போட்டிகளிலிருந்து ஒதுக்கியது. காசு வாங்கி ஆடுகிறார்கள், அதனால் அமெச்சூர்கள் இல்லை என்பது காரணம். பயணச் செலவுக்குக் கையில் பணம் இல்லாதவர்கள் காசு வாங்காமல் எப்படி ஆட வருவார்கள்? அவர்களிடம் கற்றுக்கொண்டு, பிறகு அவர்களையே வெளியே நிறுத்திய செயல் இது. எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. மோஹாக் உள்ளிட்ட பூர்வகுடி இனங்களின் கூட்டமைப்பான ஈரோக்வாய் மக்களின் சொந்த அணி உலகப் போட்டியில் இறங்க 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒலிம்பிக்கில் அவர்கள் ஆடியதே இல்லையா? (அதே ஆசிரியை)

1904 செயின்ட் லூயிஸில் ஆடினார்கள். வின்னிபெக் ஷாம்ராக்ஸ் முதலிடம், உள்ளூர் அமெரிக்க அணி இரண்டாமிடம், மோஹாக் அணி மூன்றாமிடம். பதிவேட்டில் அவர்களுடைய பெயர்களைப் பாருங்கள்: பிளாக் ஹாக், ரெயின் இன் ஃபேஸ், ஸ்னேக் ஈட்டர், மேன் அஃப்ரெய்ட் சோப். ஒலிம்பிக்கில் பதக்க இடம் பிடித்த மனிதர்களுக்கு, கூட்டத்தை ஈர்க்க ஒட்டிய விளம்பரப் பட்டம் மாதிரி இருக்கின்றன.

பெண்கள் லாக்ரோஸ் எப்படித் தொடங்கியது? (விளையாட்டு வீராங்கனை)

லூயிசா லம்ஸ்டன் என்ற ஆசிரியையால். கேம்பிரிட்ஜின் கிர்ட்டன் கல்லூரியில் முதன்முதலாகப் படித்த ஐந்து பெண்களில் ஒருவர். ஸ்காட்லாந்தில் செயின்ட் லியோனார்ட்ஸ் பெண்கள் பள்ளியின் முதல் தலைமை ஆசிரியை. அந்தப் பொறுப்பை விட்ட பிறகு, 1884-இல் அமெரிக்கப் பயணத்தில் கானவாகே அணியும் மொன்றியல் அணியும் ஆடியதைப் பார்த்து மயங்கிப்போனார். அவரால் ஆட்டம் அந்தப் பள்ளிக்கு வந்து, 1890-இல் மாணவிகள் ஆடினார்கள்.

அங்கே படித்த ரோசபெல் சின்க்ளேர் 1926-இல் பால்டிமோரின் பிரின் மார் பள்ளியில் பெண்கள் அணியைத் தொடங்கினார். முட்டிமோதாத ஆட்டமாகவே பெண்கள் ஆட்டம் இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக நின்றவர். அமெரிக்க லாக்ரோஸ் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற முதல் பெண்ணும் அவரே, 1992-இல்.

பழைய பயிற்சியாளர்களில் யாரைப் படிக்கலாம்? (உடற்கல்வி ஆசிரியர்)

இரண்டு பேர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக அணியின் வில்லியம் ஷ்மைசர் வழக்கறிஞர். ‘ஃபாதர் பில்’ என்றே கூப்பிடுவார்கள். சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான கல்லூரி விருது இன்றும் அவர் பெயரில்தான் தரப்படுகிறது. அடுத்தவர் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் 1916-இல் அணியைத் தொடங்கிய லாரி காக்ஸ். நிலத்தோற்ற வடிவமைப்புப் பேராசிரியர். வேறு வேலை பார்த்துக்கொண்டே பயிற்சியும் கொடுத்த காலம் அது.

நியூஸி லலோண்ட் ஹாக்கி வீரர்தானே? அவரை ஏன் இங்கே சேர்க்கிறார்கள்? (ஹாக்கி ரசிகர்)

கனடாவின் கார்ன்வால் ஊரில் பத்திரிகை அச்சகத்தில் வேலை பார்த்ததால் அவர் ‘நியூஸி’ ஆனார். மொன்றியல் கனடியன்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணியின் முதல் ஆட்டத்தில், 1910 ஜனவரியில், முதல் கோல் அடித்தவர். அப்படிப்பட்டவருக்கே ஹாக்கியைவிட லாக்ரோஸில்தான் சம்பளம் அதிகம்! அன்றைக்குக் கோடையில் கூட்டம் அங்கேதான். 1950-இல் கனடாவின் அரை நூற்றாண்டுச் சிறந்த லாக்ரோஸ் வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தொலைக்காட்சியில் ‘லோன் ரேஞ்சர்’ தொடரில் டோண்டோவாக நடித்தவர் லாக்ரோஸ் ஆடினாராமே? (ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்)

ஆமாம் ஐயா. ஜே சில்வர்ஹீல்ஸ், இயற்பெயர் ஹரால்ட் ஸ்மித். 1912-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பூர்வகுடிகளின் சிக்ஸ் நேஷன்ஸ் பகுதியில் பிறந்த மோஹாக். 1930-களில் உள்ளரங்கத்தில் ஆடும் பாக்ஸ் லாக்ரோஸ் புதிதாக வந்தபோது அதில் பெயர் எடுத்தவர். அணியோடு லாஸ் ஏஞ்சலஸ் போன இடத்தில் நகைச்சுவை நடிகர் ஜோ இ. பிரவுன் அவரைப் பார்த்து, நடிக்க வரச் சொன்னார். தொடர் 1949-இல் தொடங்கியது. கனடிய லாக்ரோஸ் புகழ் மண்டபத்திலும் அவருக்கு இடம் உண்டு.