ஈரமான மலையேற்றத்துக்கு எந்தக் கூடாரம்: 5000 மி.மீ. தேவையா?

ஜமுனாமரத்தூரில் கூடாரத்தின் உட்புறம் நனைந்ததால், மணாலிப் பயணத்துக்கு 5000 மி.மீ. கூடாரம் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 5000 மி.மீ. என்று அச்சிட்ட ஒற்றைச் சுவர்க் கூடாரத்தை, அதாவது ஒரே அடுக்குத் துணியாலானதை, வாங்காதீர்கள். இந்த மி.மீ. என்பது, துணி ஒழுகாமல் தாங்கும் நீர்மட்டத்தின் உயரம். மழையைத் தாங்கும் வெளித்துணியான மேல்விரிப்பு 2000 முதல் 3000 மி.மீ. வரை நீரழுத்தம் தாங்கினாலே கனமழைக்குப் போதும், அதைவிட இரட்டைச் சுவர், அதாவது மேல்விரிப்புக்கு உள்ளே இடைவெளி விட்டுத் தனி உட்சுவர், இருப்பதே முக்கியம்.

ஜமுனாமரத்தூரில் ஐப்பசி மழையின்போது, விடியற்காலையில் உட்புறம் சொட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் ஒழுகல் அன்று. இருவர் இரவெல்லாம் விட்ட மூச்சின் ஈரம், வெளியேற வழியின்றிக் குளிர்ந்த துணியில் நீராகப் படிந்திருக்கும். இரட்டைச் சுவரில் அந்த நீர் பெரும்பாலும் மேல்விரிப்பிலேயே படியும், உட்சுவர் அது உங்கள்மேல் சொட்டாமல் தடுக்கும்.

வேலூரிலேயே சோதித்துவிடலாம். மொட்டை மாடியில் கூடாரத்தை விறைப்பாகக் கட்டி, உள்ளே யாரும் இல்லாமல் அரைமணி நேரம் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்தபின், தையல்களையும் தரையின் நான்கு மூலைகளையும் டிஷ்யூ தாளால் ஒற்றிப் பாருங்கள். தாள் நனையாவிட்டால் துணியில் குறையில்லை. தையலில் மட்டும் நனைந்தால் தையலை அடைக்கும் பசை பூசினால் போதும். ஆனால் சிலிக்கான் பூச்சுள்ள துணியில் சிலிக்கான் பசைதான் ஒட்டும், மற்றவை உரிந்துவிடும்.

புதிதாக வாங்குவதானால் நைலானைவிடப் பாலியஸ்டரையே நான் பரிந்துரைப்பேன். நைலான் நனைந்தால் தொய்ந்து, மேல்விரிப்பு உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும், நள்ளிரவில் எழுந்து கயிறுகளை இழுத்துக் கட்ட வேண்டிவரும்.

பனி முகட்டில், குறுகிய திட்டில் தங்கும் ஏற்றமென்றால் மட்டும் எடை குறைந்த ஒற்றைச் சுவர் பொருந்தும். எந்தக் கூடாரமானாலும், மழைக்குப் பயந்து வாயிலை அடைத்துவிட்டு உள்ளே அடுப்புப் பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது.