காரில் தனி சிம் இருக்கிற வேரியண்டுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

சென்னைக்குள் ஓட்டப் புதுக் கார் எடுக்கிறேன், கனெக்டட் கார் வசதி உள்ள வேரியண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் அதிகம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாட்டும் மேப்பும்தான் தேவை என்றால் வேண்டாம். வீட்டில் வயதானவர்களும் அந்த வண்டியை ஓட்டுவார்கள் என்றால் யோசிக்காமல் கொடுங்கள். 2021-இல் அப்படி ஒரு கார் எடுத்து ஓட்டிக்கொண்டிருக்கிற அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும், ஷோரூமில் இதைக் குழப்பிவிடுவார்கள். போனில் இருக்கும் மேப்பையும் பாட்டையும் கார் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே ஓடுவதற்குக் காரில் இன்டர்நெட்டே தேவையில்லை. வேலை செய்வது உங்கள் போன், செலவாவதும் உங்கள் போன் டேட்டா. வயர் இல்லாமல் இணைந்தாலும் போனுக்கும் திரைக்கும் நடுவே ஓடுவது வெறும் வைஃபைதான். நடு வேரியண்டிலேயே பெரும்பாலும் இது வந்துவிடுகிறது. கனெக்டட் கார் என்பது வேறு: வண்டிக்குள்ளேயே பதித்த ஒரு சிம் (இ-சிம்) இருக்கும், அதோடு ஜிபிஎஸ்ஸும் சேர்ந்த ஒரு பெட்டி கம்பெனியின் சர்வரோடு பேசிக்கொண்டிருக்கும். நம் ஊரில் 2019-இல் இது பரவலாக வந்தது. அப்போது இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் வென்யூவும், அடுத்த மாதமே எம்ஜி ஹெக்டரும் இதைச் சொல்லித்தான் விற்பனைக்கு வந்தன.

அந்தப் பெட்டியின் அருமை எனக்கு 2022-இல் தெரிந்தது. அப்பாவும் அம்மாவும் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ராத்திரி திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். சுங்குவார்சத்திரம் தாண்டி டயர் வெடித்து, வண்டி ஓரத் தடுப்பில் உரசி நின்றுவிட்டது. அப்பாவின் போனில் சார்ஜ் இல்லை, அம்மாவிடம் போனே இல்லை. கண்ணாடிக்கு மேலே இருக்கும், அவசர உதவிக்கான எஸ்ஓஎஸ் பொத்தானை அப்பா அழுத்தியிருக்கிறார். கால் சென்டரிலிருந்து கார் ஸ்பீக்கரில் ஒரு பெண் பேசியிருக்கிறார். அவர் முதலில் கேட்டது "யாருக்காவது அடிபட்டிருக்கா சார்?" என்றுதான். ஐந்து நிமிஷத்தில் எனக்குப் போன் வந்தது, வண்டி நிற்கும் இடமும் வந்தது. அந்த ஒரு ராத்திரிக்காகவே கொடுத்த பணம் எனக்குச் சரியாகிவிட்டது.

மற்றபடி விளம்பரத்தில் காட்டுகிற அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள். கத்திரி வெயிலில் ஆபீஸிலிருந்தே போனில் இருக்கும் கார் கம்பெனி ஆப்பில் ஏசியைப் போட்டுவிடலாம் என்றுதான் நானும் ஆசைப்பட்டேன். ஓஎம்ஆரில் எங்கள் ஆபீஸ் பார்க்கிங் இரண்டாவது பேஸ்மென்டில். அங்கே சிக்னல் கிடையாது, ஆப்பில் வட்டம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் 'முடியவில்லை' என்று வரும். வண்டியைச் சில நாள் எடுக்காமல் விட்டாலும் இதே கதைதான், பேட்டரி இறங்காமல் இருக்க அந்தப் பெட்டி தூங்கப் போய்விடும்.

மழைக்காலத்தில் இந்த ஆப் கைகொடுத்ததையும் கைவிட்டதையும் பார்த்துவிட்டேன். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் எல்லோரையும் போல நானும் வண்டி தண்ணீரில் மூழ்காமல் இருக்க அதை வேளச்சேரி பாலத்தின் மேல் நிறுத்திவிட்டு நடந்து வீட்டுக்கு வந்தேன். கதவு பூட்டியிருக்கிறதா, விளக்கு அணைந்திருக்கிறதா என்று படுக்கையிலிருந்தே பார்க்க முடிந்தது. ஆனால் 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயலன்று கரண்ட் போய், எங்கள் பகுதியில் டவரும் போய், ஆப் முந்தின நாள் ராத்திரி விவரத்திலேயே நின்றுவிட்டது. ஜிபிஎஸ் நேராகச் செயற்கைக்கோளிலிருந்து வருவது, அதற்கு நெட் வேண்டாம். மேப் படத்துக்கும் டிராஃபிக் விவரத்துக்கும்தான் நெட் வேண்டும். அதனால் எந்த வேரியண்ட் எடுத்தாலும் சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மேப்பைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சந்தா. முதல் சில வருடம் இலவசம் என்பார்கள், எனக்கு மூன்று வருடம். அதற்குமேல் ஆண்டுக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சந்தா கட்டத் தயாராக இருந்தாலும் நெட்வொர்க் இருக்க வேண்டும் என்பது இன்னொரு விஷயம். அமெரிக்காவில் 2022-இல் ஏடி அண்ட் டி என்ற செல்போன் கம்பெனி 3ஜியை நிறுத்தியபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பல கார்களில் இந்தச் சேவைகள் அப்படியே செத்துப்போயின. பத்துப் பதினைந்து வருடம் வண்டி வைத்திருக்கிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

யாரும் சொல்லித்தராத ஒன்று இருக்கிறது. என் மச்சான் போன வருடம் பழைய கார் ஒன்று வாங்கினார். திரையைத் தட்டினால் பழைய ஓனரின் போன் புத்தகம் முழுதும் வருகிறது: அம்மா, பால்காரர், பாப்பா ஸ்கூல் வேன். 'வீடு' என்று அழுத்தினால் அவர் வீட்டுக்கே வழி காட்டுகிறது. ஒரு குழந்தை எந்த வேனில் போகிறது என்பது வரை முன்பின் தெரியாத ஒருவர் கையில் இருந்தது, அதைப் பார்த்து எனக்கு உடம்பு கூசிப்போனது. இன்னொரு பக்கம், பழைய ஓனரின் ஆப்பில் அந்தக் கார் அப்போதும் இருந்தது. மச்சான் எங்கே போகிறார் என்று அவர் பார்த்திருக்கலாம். விற்கும்போது திரையை ஃபேக்டரி ரீசெட் செய்வதோடு விடாதீர்கள், ஆப்பிலிருந்தும் வண்டியை நீக்குங்கள். பழைய வண்டி வாங்கினால் இரண்டும் முடிந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

டெஸ்ட் டிரைவ் வண்டியை உங்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங்குக்கே ஓட்டி வாருங்கள். நீங்கள் தினமும் நிறுத்தும் இடத்தில் நிறுத்திப் பூட்டிவிட்டு, கூட வந்த ஷோரூம்காரரின் போனிலிருந்து ஆப்பில் கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அங்கே திறக்கவில்லை என்றால், எஸ்ஓஎஸ் பொத்தானுக்காக மட்டும் அந்தப் பணம் தகுமா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள்.