திறந்த டின், வீணான தாள்: அச்சகக் கழிவு பற்றிச் சில கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஷீட்ஃபெட் ஆஃப்செட் (தாள் தாளாக ஊட்டி, பிளேட்டிலிருந்து பிளாங்கெட் என்ற ரப்பர் விரிப்புக்கு மாறிய இங்க் தாளில் பதியும் முறை) அச்சகங்களிலிருந்து வந்தவை. ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். "எந்த கம்பெனி கெமிக்கல் வாங்கலாம்" என்ற கேள்விகளுக்கு வழக்கம்போல் பதில் இல்லை.

கே: எங்கள் பிரஸ்ஸில் வேஸ்டேஜ் அதிகம். குறைக்க வழி சொல்லவும்.

ப: என்ன மெஷின், எத்தனை கலர், சராசரி ஆர்டர் எவ்வளவு, ஒன்றும் எழுதவில்லை. "உடம்பு சரியில்லை, மருந்து அனுப்பவும்" என்று வைத்தியருக்குக் கார்டு போட்டதுபோல் இருக்கிறது. 1,000 ஷீட் வேலையில் 200 போனால் அது பெரிய சேதம். 20,000 ஷீட் வேலையில் 200 போனால் உங்கள் மெஷின்மேனுக்குச் சம்பளம் கூட்டிக் கொடுங்கள்.

முதலில் எங்கே போகிறது என்று பாருங்கள். மேக்ரெடியில் (ஓட்டத்துக்கு முன் மெஷினைச் சரிப்படுத்தும்போது) போனது, ஓட்டத்தில் போனது, கட்டிங்கில் விழுந்தது, பைண்டிங்கில் கெட்டது என நாலு இடத்தில் நாலு பெட்டி வையுங்கள். ஒரு மாதம் தினமும் எடை போட்டு எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் அடைத்துப் பழைய பேப்பருக்குப் போடுகிறவர் எந்த ஆலோசனையைக் கேட்டும் பயனில்லை. எடைக் கணக்கோடு மறுபடி எழுதுங்கள்.

கே: நாலு கலர் மெஷின். கலர் செட் ஆவதற்குள் 300 ஷீட் போய்விடுகிறது. பெரும்பாலும் 2,000, 3,000 ஷீட் வேலைகள்தான் வருகின்றன.

ப: இப்படிக் கேட்டால் பதில் சொல்ல முடிகிறது. 300 அதிகம்தான். நல்ல நிலையில் இருக்கும் மெஷினில் சாதாரண வேலையை 100, 150 ஷீட்டுக்குள் பிடித்துவிடலாம்.

முதலில் இங்க் கீ, அதாவது தாளின் அகலத்தை ஜோன்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் இங்க்கைக் கூட்டிக் குறைக்கும் திருகு. சிடிபி (கம்ப்யூட்டரிலிருந்து நேராகப் பிளேட் எடுக்கும்) பிரிவிலிருந்து சிஐபி3 என்ற இங்க் அளவுக் கோப்பு மெஷினின் கன்சோலுக்கு வந்தால், எந்த ஜோனுக்கு எவ்வளவு இங்க் என்று மெஷினே திறந்து வைத்துக்கொள்ளும். அந்த வசதி இல்லையென்றால் மெஷின்மேன் பிளேட்டைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும். அடர்த்தியான படம் எந்த ஜோனில் விழுகிறது, வெறும் எழுத்து எங்கே வருகிறது என்று பார்த்துக் கீயைத் திறக்கலாம். முந்தைய வேலையின் கீயை அப்படியே வைத்துக்கொண்டு "ஓட்டிப் பார்ப்போம்" என்று ஆரம்பிப்பதுதான் உங்கள் 300க்குக் காரணமாக இருக்கும்.

அடுத்தது, ஓட்டிப் பார்க்கப் புதுத் தாளை வைக்கவே வைக்காதீர்கள். அதே ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), அதே சைஸ் பழைய வேஸ்ட் ஷீட்டை முதலில் விடுங்கள். இங்க்கும், படமில்லாத இடத்தில் இங்க் ஒட்டாமலிருக்கப் பிளேட்டை நனைக்கும் தண்ணீரும் சமமாக நின்றபின் 20, 30 நல்ல ஷீட் வைத்துக் கலர் பாருங்கள். ஒரே வேஸ்ட் ஷீட்டைத் திரும்பத் திரும்ப விட்டால் அதிலிருக்கும் பவுடர் (அச்சடித்த தாள்கள் ஒட்டாமலிருக்கத் தூவுவது) பிளாங்கெட்டில் ஏறும். இரண்டு முறையோடு நிறுத்துங்கள். வேஸ்ட் ஷீட் முடியும் இடத்தில் ஒரு கலர்த் தாளைச் செருகி வைப்பது முக்கியம். வேஸ்ட் ஷீட் டெலிவரிக் கட்டோடு கலந்து வாடிக்கையாளர் கைக்குப் போனால், ஒரு வருடம் மிச்சம் பிடித்தது ஒரே நாளில் போய்விடும்.

பிறகு, கலர் சரி என்று முடிவு செய்வது யார்? இங்க் அடர்த்தியை அளக்கும் டென்சிட்டோமீட்டரை வாங்கி அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் அச்சகங்கள் நிறைய. ஆஃப்செட் அச்சுக்கான ஐஎஸ்ஓ 12647-2 மாதிரி ஒரு தரத்தைப் பிடித்துக்கொண்டு, எந்தத் தாளுக்கு எந்த அளவு என்று எழுதி கன்சோலில் ஒட்டிவிடுங்கள். மெஷின் பக்கத்தில் வந்து நின்று "கொஞ்சம் சிவப்பைக் கூட்டுங்க, கொஞ்சம் குறைங்க" என்கிற வாடிக்கையாளர் ஒவ்வொரு வார்த்தைக்கும் 50 ஷீட்டைத் தின்றுவிடுவார். அவரைப் புரூஃபிலேயே (மாதிரி அச்சிலேயே) கையெழுத்து வாங்கி அனுப்பிவிட வேண்டும்.

கே: தாள் ஓரம் அலையலையாக வருகிறது. ரெஜிஸ்டர் நிற்பதில்லை, ஒரு கலர் மேல் இன்னொன்று சரியாக விழுவதில்லை. மட்டமான தாள் என்று திருப்பி அனுப்பலாமா?

ப: அனுப்பாதீர்கள். ஓரம் அலையடித்தால் தாள் உங்கள் அறைக் காற்றிலிருந்து ஈரம் குடித்திருக்கிறது. ஓரம் விறைத்து நடுவில் குழிந்தால் ஈரத்தை இழந்திருக்கிறது. இரண்டும் கவரை முன்னாலேயே பிரித்து வைத்ததால் வருவது. அச்சு அறையின் ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதம், வெப்பம் 20 முதல் 23 டிகிரி இருக்கட்டும். குளிர்ந்த கிடங்கிலிருந்து வந்த கட்டைக் கவரோடேயே மெஷின் அறையில் ஒரு நாள், பெரிய பேலட் என்றால் இரண்டு நாள் வைத்துப் பிறகு பிரியுங்கள். மிச்சத் தாளை அன்றே மூடிக் கட்டுங்கள்.

கே: நாங்கள் சோயா இங்குக்கு மாறிவிட்டோம். "மாசில்லா அச்சு" என்று பில்லிலும் போர்டிலும் போட்டுக்கொள்ளலாமா? பிளாங்கெட் துடைக்க மட்டும் இப்போதைக்குப் பெட்ரோலும் தின்னரும்தான்.

ப: அந்த "மட்டும்" என்ற வார்த்தையை எத்தனை கடிதத்தில்தான் படிப்பது!

ஷீட்ஃபெட் ஆஃப்செட்டில் இங்க் என்பது கெட்டியான பேஸ்ட். அதிலுள்ள எண்ணெய், அது கனிம எண்ணெயோ சோயாவோ, எளிதில் ஆவியாவதில்லை. பெரும்பகுதி தாளுக்குள் இறங்கிவிடும், மீதி காற்றுப்பட்டு இறுகிவிடும். அச்சு அறைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுகிறதே, அது இங்க் வாசனை இல்லை. பிளாங்கெட்டைத் துடைக்கும் வாஷும், பிளேட்டை நனைக்கும் டேம்பனிங் தண்ணீரில் ஊற்றும் ஆல்கஹாலும்தான். சோயா இங்க் நல்லதுதான், வாங்குங்கள். ஆனால் ஆவியாகாத பொருளை மாற்றிவிட்டு, ஆவியாகிற பொருளை அப்படியே வைத்துக்கொண்டு "மாசில்லா" என்று போர்டு எழுதுவது வாடிக்கையாளரை ஏமாற்றுவது. (வெப் ஹீட்செட், அதாவது சுருள் தாளில் அச்சடித்துச் சூட்டில் காயவைப்பது, வேறு கதை. அங்கே இங்கின் எண்ணெயே டிரையரில் ஆவியாகி வெளியேறும், அதை எரித்தழிக்கும் கருவி கட்டாயம் வேண்டும்.)

பெட்ரோல் விஷயத்துக்கு வருவோம். அதில் பென்சீன் இருக்கிறது, பென்சீன் புற்றுநோய் தரும் என்பதில் இப்போது யாருக்கும் சந்தேகமில்லை. பெட்ரோலின் ஆவி பூஜ்யத்துக்கு 40 டிகிரி கீழேயே தீப்பிடிக்கக் கூடியது, காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து போய் மோட்டாரின் ஒரு பொறியைத் தேடிப் பிடிக்கும். தின்னரில் டொலுயீன் இருக்கும், நாள்பட்டால் நரம்பைத் தாக்கும். "இருபது வருஷமா இதைத்தான் பயன்படுத்துறோம், ஒன்றும் ஆகலையே" என்று பதில் எழுதாதீர்கள். ஜப்பானின் ஒசாகாவில் நடந்ததைப் படியுங்கள். அங்கே ஓர் அச்சகத்தில் ஆஃப்செட் புரூஃப் போடும் வேலை. புரூஃப் என்பதால் ஒவ்வொரு கலருக்கும் பிளாங்கெட்டைத் துடைத்தாக வேண்டும், நாள் முழுக்க அதே வேலை. காற்றோட்டம் போதாத அறை. துடைக்கப் பயன்படுத்தியதில் 1,2-டைகுளோரோபுரொப்பேன் என்ற கரைப்பான் இருந்தது. அங்கே வேலை செய்தவர்களில் பத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பித்தநாளப் புற்றுநோய் வந்தது. முதியவர்களுக்கு அபூர்வமாக வரும் நோய் இளவயதுக்காரர்களுக்கு வந்ததால்தான் மருத்துவர்களுக்குச் சந்தேகமே வந்தது. 2012ல் அது வெளியே தெரிந்தது. 2014ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அந்தக் கரைப்பானை முதல் வகுப்பில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற வகுப்பில் வைத்தது. அங்கே நடந்தது தீ விபத்து இல்லை, இங்க் சமாசாரமும் இல்லை. துடைக்கிற துணியில் இருந்த திரவம், அவ்வளவுதான்.

சரி, என்ன செய்வது? தீப்பற்று நிலை 55, 60 டிகிரிக்கு மேலே உள்ள, மெதுவாக ஆவியாகும் வாஷ் வாங்குங்கள். முதலில் மெஷின்மேன் "காயவே மாட்டேங்குது" என்று குறைப்படுவார். உண்மைதான், பெட்ரோல்போல் பறந்துவிடாது. அதனால் பெட்ரோலை ஊற்றிய அளவில் பாதி போதும். துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, பின்னால் தண்ணீர்த் துணியால் ஒரு முறை, காய்ந்த துணியால் ஒரு முறை. உங்கள் பிளாங்கெட், ரோலர் ரப்பருக்கு அது ஒத்துப்போகுமா, உப்ப வைக்குமா என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாளியில் ஊற்றித் துணியை முக்கி எடுக்கும் வழக்கத்தை இன்றோடு விடுங்கள். தட்டை அமுக்கினால் கொஞ்சமாகக் கசியும் பிளஞ்சர் டின் என்று ஒன்று இருக்கிறது. என்ன டின்னானாலும் மூடியை மூடுங்கள். மூடாத டின்னிலிருந்து போவது உங்கள் காசு, பிறகு உங்கள் ஆட்களின் நுரையீரல்.

போர்டைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம்.

கே: டேம்பனிங்கில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 12 சதவீதம் போகிறது. குறைத்தால் ஸ்கம் அடிக்கிறது, வெற்றிடத்திலும் இங்க் படிகிறது.

ப: ஒரேயடியாகக் குறைத்தால் அடிக்கத்தான் செய்யும். சில்லர் (குளிரூட்டி) வேலை செய்கிறதா, கரைசல் 10 முதல் 12 டிகிரியில் நிற்கிறதா என்று பாருங்கள். சூடான கரைசலில் ஆல்கஹால் வேலைக்கு வருவதைவிட காற்றுக்குப் போவது அதிகம். டேம்பனிங் ரோலர் பளபளவென்று கிளேஸ் ஆகியிருந்தால் சுத்தம் செய்யுங்கள், ரப்பர் இறுகியிருந்தால் மாற்றுங்கள். தண்ணீர் கடினத்தன்மை நாளுக்கொன்றாக மாறினால் ஆர்ஓ வையுங்கள். பிறகு வாரத்துக்கு ஒரு சதவீதம் வீதம் இறக்குங்கள். 5 வரை பலரும் வந்திருக்கிறார்கள். மாற்றுத் திரவம் சேர்த்து அதற்கும் கீழே போனவர்களும் உண்டு. பிஎச் 5க்குப் பக்கத்தில் நிற்கட்டும். கண்டக்டிவிட்டி (கரைசலின் மின்கடத்தும் திறன்) எடுக்கும்போது ஆல்கஹால் அந்த எண்ணைத் தாழ்த்திக் காட்டும் என்பதை நினைவில் வையுங்கள். தொட்டிக்கும் மூடி உண்டு.

கே: பிளேட் டெவலப்பரை (பிளேட்டில் படத்தை வெளிக்கொணரும் திரவம்) நிறையத் தண்ணீர் கலந்து சாக்கடையில் விடலாம்தானே?

ப: கூடாது. தண்ணீர் கலந்தால் அளவுதான் கூடும், உள்ளே இருப்பது குறையாது. பிஎச் 12, 13 உள்ள காரம் அது, பிளேட்டிலிருந்து கரைந்த பூச்சும் சேர்ந்திருக்கிறது. கேனில் சேர்த்து, அனுமதி பெற்ற கழிவுக்காரரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். டெவலப்பரை நாள் கணக்கில் மாற்றாமல், ஓடிய பிளேட்டின் சதுர மீட்டர் கணக்கில் மாற்றினாலே கேன் எண்ணிக்கை குறையும். ஓடி முடிந்த பிளேட்டைச் சுத்தமாகத் தனியே அடுக்கிக் கொடுங்கள். அலுமினியத்தை மறுபடி உருக்க, புதிதாக எடுக்க ஆகும் ஆற்றலில் சுமார் 5 சதவீதம் போதும். அதனால்தான் அதற்கு நல்ல விலை.

கே: இன்னும் ஃபிலிம் போடுகிறோம். ஃபிலிம் கழுவிய பழைய ஃபிக்ஸரை என்ன செய்வது?

ப: அதில் வெள்ளி இருக்கிறது. கீழே ஊற்றாதீர்கள், மின்பகுப்பில் பிரித்தெடுப்பவரிடம் கொடுங்கள்.

கே: துடைத்த துணிகளை மூலையில் சாக்கில் போட்டு வைக்கிறோம். வாசனையைத் தவிர வேறு தொந்தரவு உண்டா?

ப: தீ. காய்ந்து இறுகும் தாவர எண்ணெய் இங்க் ஊறிய துணி காற்றோடு சேரும்போது தானாகச் சூடாகும். குவியலுக்குள் அந்தச் சூடு வெளியேற முடியாமல் ஏறிக்கொண்டே போய், தீக்குச்சி இல்லாமலே பற்றும். பெரும்பாலும் ராத்திரியில், ஆளில்லாதபோது. மூடியோடு கூடிய இரும்புத் தொட்டியில் போட்டு, மூடி, தினமும் வேலை முடிந்ததும் கட்டிடத்துக்கு வெளியே கொண்டுபோங்கள். போடுமுன் பிழியுங்கள். பிழிந்த வாஷை ரோலரின் முதல் கழுவலுக்குப் பயன்படுத்தலாம்.

கே: மிச்ச இங்க் டின் டின்னாகச் சேர்ந்துவிட்டது.

ப: வாங்கும்போதே எடை போட்டு எடுத்திருந்தால் சேர்ந்திருக்காது. சேர்ந்ததைக் கறுப்போடு கலந்து உள்வேலைக்கு ஓட்டலாம். யூவி இங்க்கையும் (புற ஊதா ஒளியில் காய்வது) சாதா இங்க்கையும் கலக்காதீர்கள். ஸ்பெஷல் கலர் என்றால் டின் மேலேயே ஃபார்முலாவும் தேதியும் எழுதுங்கள். அடுத்த ஆர்டரில் அதையே அடிப்படையாக வைத்துக் கலக்கலாம். தோல் படியாமலிருக்க மேலே தாள் வைத்து மூடுங்கள். ஆமாம், மூடுங்கள்.

கே: லேமினேஷன் செய்த கட்டிங்கைச் சாதாரண வேஸ்ட் பேப்பரோடு போடலாமா?

ப: போட்டால் மொத்தக் கட்டின் தரமும் விழும். வெள்ளை கட்டிங், அச்சடித்தது, ஃபிலிம் ஒட்டியது என மூன்றாகப் பிரியுங்கள். வெள்ளைக்குத் தனி விலை கிடைக்கும். ஹாட்மெல்ட் பசை (சூட்டில் உருக்கி ஒட்டுவது) உள்ள புத்தக முதுகுத் துண்டுகளும் வெள்ளையோடு சேரக் கூடாது. அட்டைக்குப் பளபளப்பு மட்டும்தான் தேவை என்றால் ஃபிலிமுக்குப் பதில் தண்ணீர் அடிப்படைக் கோட்டிங் போதுமா என்று வாடிக்கையாளரைக் கேளுங்கள். பத்தில் நாலு பேராவது சரி என்பார்கள்.

கே: எல்இடி யூவி மெஷின் வாங்கினால் இந்தப் பிரச்சினையெல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார் விற்பனைப் பிரதிநிதி.

ப: பாதி உண்மை. பழைய யூவி விளக்கின் பாதரசம் இல்லை, ஓசோன் நாற்றம் இல்லை, பவுடர் தேவையில்லை, தாள் உடனே காய்வதால் ஒட்டிக்கொண்டு கெடுவது நிற்கும். மின்சாரமும் குறையும். ஆனால் கழுவுகிற வேலை அப்படியே இருக்கும், யூவிக்கான வாஷ் இன்னும் காட்டமாகவும் இருக்கலாம். காயாத யூவி இங்க் தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை வரும், ஒருமுறை வந்தால் விடாது. நைட்ரைல் கையுறை வேண்டும். யூவி அச்சை மறுசுழற்சியில் மை நீக்குவதும் கடினம். மெஷினை வேலைக்காக வாங்குவதானால் வாங்குங்கள். அதற்கு முன் இப்போதுள்ள மெஷினில் மாதம் எவ்வளவு வாஷ், எத்தனை கிலோ தாள் போகிறது என்ற கணக்கை அந்தப் பிரதிநிதியிடம் கொடுத்து, அதில் எது எவ்வளவு குறையும் என்று கேளுங்கள்.

கணக்கு உங்களிடம் இல்லையென்றால் முதல் கேள்வியின் பதிலைப் படியுங்கள்.