அனுப்புனது வெள்ளி, வந்தது ஜெர்மன் சில்வர்!

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில வாங்கி ஆன்லைன்ல வெள்ளிக் கொலுசு விக்கிறேன் சார். 'சைஸ் சேரல'ன்னு ரிட்டன் வந்த பார்சல பிரிச்சா ஜெர்மன் சில்வர் (வெள்ளியே இல்லாத கலப்பு உலோகம்) கொலுசு இருக்கு, என்ன பண்றது?
– வாசகி, சேலம்

பதில்: மொதல்ல அந்தக் கவர தூக்கிப் போட்டுடாதீங்கம்மா, லேபிளோட அப்படியே வைங்க. நீங்க அனுப்பினப்ப இருந்த எடையும் இப்ப தராசுல வர்ற எடையும் வேறயா இருந்தா அதுதான் சாட்சி, ரெண்டையும் போட்டோ எடுத்து நீங்க விக்கிற ஆன்லைன் தளத்துல இன்னைக்கே க்ளெய்ம் போடுங்க, அதுக்குக் கெடு சில நாள்தான், நெறைய பேர் கோட்டை விடுறது அங்கதான். இனிமே பேக் பண்றதையும் ரிட்டன் பிரிக்கிறதையும் தராசு தெரியுற மாதிரி ஒரே வீடியோவா, கட் இல்லாம எடுங்க. ஹால்மார்க் கொலுசுன்னா அதுல இருக்குற 6 இலக்க ஹெச்யூஐடிய (எழுத்தும் எண்ணும் கலந்த, அந்த நகைக்கே உரிய அடையாளக் குறியீடு) கிட்டக்க காட்டுங்க. வாங்குனவங்களுக்கு போன் போட்டுத் திட்டாதீங்க, கோவம் வரும்தான், ஆனா வழியில கூட மாத்தியிருக்கலாம்.