கைப்பையில் பிரசவ லேகியம் கொண்டு போகலாமா?

கேள்வி: மகளின் பிரசவத்துக்காகத் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகிறேன். இதுதான் முதல் விமானப் பயணம். கைப்பை 7 கிலோ என்று டிக்கெட்டில் இருக்கிறது. லேகியமும் நெய்யும் என் கையிலேயே இருக்கட்டுமா?
– ஒரு வாசகி, லால்குடி

பதில்: வேண்டாம் அம்மா, இரண்டையும் பெரிய பெட்டியில் வைத்துவிடுங்கள். வெளிநாட்டு விமானத்தில் திரவம் எதுவானாலும் 100 மில்லி டப்பாவுக்கு மேல் கைப்பையில் விடமாட்டார்கள். லேகியம், நெய், புளிக்காய்ச்சல் மாதிரி குழைவாக இருக்கிற எல்லாமே அந்தக் கணக்குதான். பாதி காலியான 200 மில்லி பாட்டிலும் ஆகாது, டப்பாவின் அளவைத்தான் பார்ப்பார்கள். என் மகளுக்கு நான் கிளறி எடுத்துப்போன லேகியம் சோதனை மேசையிலேயே நின்றுவிட்டது. இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அந்த 7 கிலோவில் பையின் எடையும் சேர்த்தி. சக்கரம் வைத்த பையே இரண்டு, மூன்று கிலோ இருக்கும். அதனால் துணிப்பை எடுங்கள். கிளம்பும் முன் வீட்டிலேயே எடை போட்டுப் பாருங்கள்.

பாக்குவெட்டி பெரிய பெட்டிக்கு. பவர் பேங்க் மட்டும் நேர்மாறு, கைப்பையில்தான் இருக்க வேண்டும். கொப்பரை எதிலுமே வேண்டாம். எண்ணெய்ச் சத்து அதிகம், எளிதில் தீப்பிடிக்கும்.

அப்புறம், உங்கள் மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு கைப்பையிலேயே வையுங்கள். பெட்டி வந்து சேரத் தாமதமானாலும் மாத்திரை தவறாது.