வரிதான் போனது, பதிவு போகவில்லை

கேள்வி: டெக்சாஸில் கிரீன் கார்டில் வசிக்கிறேன். "இப்போது வரியே கிடையாது, தாராளமாக மாட்டிக்கொள்ளுங்கள்" என்று துப்பாக்கிக் கடைக்காரர் சொன்னதை நம்பி, 10.5 அங்குலக் குழல் உள்ள மேல்பகுதியை வாங்கி என் ரைபிளில் மாட்டினேன். படம் எடுத்து நண்பருக்கு அனுப்பினேன். மாட்டியது குற்றம் என்று அவர் சொன்ன பிறகு தூக்கமே இல்லை. மனைவி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கடைக்காரரோ பாதிப் பணம்தான் தருவேன் என்று அவமானப்படுத்துகிறார். ஏமாற்றியதற்கு வழக்குப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். கடைக்காரர் பேசிய பேச்செல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் சட்டத்தின் கண்ணில் படுவது ஒரே சொல்: "மாட்டினேன்".

குறுங்குழல் ரைபிளுக்கு இருந்த 200 டாலர் கூட்டாட்சி வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமானது உண்மை. டெக்சாஸ் தன் மாநிலச் சட்டத்தில் அதற்கு இருந்த தடையை 2025 செப்டம்பரில் நீக்கியதும் உண்மை. ஆனால் 1934ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் அப்படியே நிற்கிறது. தோளில் வைத்துச் சுடும் ரைபிளின் குழல் 16 அங்குலத்துக்குக் குறைவாக இருக்க வேண்டுமானால் முதலில் ஃபார்ம் 1 என்ற பதிவு விண்ணப்பம், அதற்கு ஏ.டி.எஃப். (துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பு) ஒப்புதல், அதன் பிறகே மாட்டலாம். இரண்டு பின்களைத் தள்ளிச் செருகுவது அரை நிமிட வேலை. அதற்குத் தண்டனை பத்தாண்டு வரை. குழல் குட்டை என்று தெரிந்திருந்தாலே போதும். பதிவு வேண்டும் என்பது தெரியாது என்ற வாதம் எடுபடாது.

உங்களுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து கிரீன் கார்டில் இருக்கிறது. பதிவில்லாத குறுங்குழல் ரைபிளை வைத்திருந்ததற்காகத் தண்டிக்கப்பட்டால், குடியேற்றச் சட்டம் அதைக் கடுங்குற்றப் பட்டியலில் சேர்க்கிறது. ஒருநாள்கூடச் சிறை செல்லாமல் நன்னடத்தைக் கண்காணிப்போடு முடிந்தாலும் அதே கதிதான். நாடு கடத்தலைத் தடுக்க நிரந்தரக் குடியிருப்பாளருக்கு உள்ள முக்கிய நிவாரணம் அடைபட்டுவிடும். குடியுரிமைக் கதவும் மூடிவிடும். "சின்ன வழக்கு, ஒப்புக்கொண்டால் முடிந்துவிடும்" என்று நம்பிக் கையெழுத்திட்டுவிட்டு, பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும்போது என்னிடம் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டத்தில் எனக்குச் செய்ய மிகக் கொஞ்சமே இருந்தது.

இப்போது உங்கள் வழக்கை நினைத்துப் பாருங்கள். மனுவின் மூன்றாம் பத்தியிலேயே நீங்கள் மாட்டியதை எழுதியாக வேண்டும். சத்தியப் பிரமாணத்தின் கீழ் எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்வியும் அதுதான். சில நூறு டாலருக்காக உங்கள் கைப்படவே குற்ற ஒப்புதல் வாக்குமூலம் எழுதித் தருகிறீர்கள்.

கடைக்காரர் பாதி தருகிறார் அல்லவா, வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒரு குற்றவியல் வழக்கறிஞரையும் ஒரு குடியேற்ற வழக்கறிஞரையும் நேரில் பாருங்கள். அவர்கள் சரி என்றால், மேல்பகுதியை மட்டும் தனியாக எடுத்துச் சென்று ஒப்படையுங்கள், ரைபிளோடு போகாதீர்கள். ரசீதில் "உதிரிபாகம் திரும்பப் பெறப்பட்டது" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

கழற்றிவிட்டதால் நடந்தது நடக்காததாகிவிடாது. ஆனாலும் இன்றே கழற்றுங்கள். கழற்றியதை அலமாரியில் வைத்திருந்தாலும் போதாது. அந்தக் குழலைப் பொருத்த உங்களிடம் இருப்பது அந்த ஒரு ரைபிள்தான் என்றால், பாகங்களை வைத்தே வழக்குப் போட வழியுண்டு. மாட்டிய பிறகு ஃபார்ம் 1 அனுப்பிச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது இனி செய்யப்போவதற்கான விண்ணப்பம். பொய்யாக நிரப்பினால் அதுவே இன்னொரு குற்றம்.

நண்பருக்கு அனுப்பிய படங்களை அழிக்க வேண்டாம், சாட்சியத்தை அழித்ததாக அது வேறு வம்பு. புதிதாக யாருக்கும் அனுப்பாதீர்கள், எனக்கும்கூட.