நகர்ந்து நிற்கும் சுவர்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் என் மருமகன் அங்குள்ள கல்லூரிகள் ஆடும் ‘அமெரிக்கன் ஃபுட்போல்’ (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) பற்றிய சிறு காணொளி ஒன்றை அனுப்பியிருந்தார். எல்லைக்கு நான்கைந்து யார் தூரத்தில், ஆறு பேர் பந்தை விட்டு வெகுதூரம் இடப்பக்கம் விலகி வரிசையாக நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் இருவர். பந்தருகே குனிந்தபடி ஒருவர், அவருக்குப் பின்னால் ஒருவர், வலப்பக்கம் தள்ளி ஒருவர், அவ்வளவுதான். எதிரணியினர் இடப்பக்கம் திரண்டிருக்க, பந்தை வாங்கியவர் வலப்பக்கமாக ஓடி, எல்லையைக் கடந்து டச்டவுன் பெற்றுவிட்டார். இப்படி நிற்க விதி இடம் தருகிறதா? எதிரணியினர் எப்படி இவ்வளவு எளிதில் வழி விட்டார்கள்?
– வாசகர், உப்புவெளி

பதில்: விதி தாராளமாக இடம் தருகிறது. பந்து வைக்கப்பட்டிருக்கும் கோட்டுக்குப் பின்னால் நான்கு பேருக்கு மேல் நிற்கக் கூடாது, கோட்டில் நிற்பவர்களில் ஐவராவது 50 முதல் 79 வரையான இலக்கங்களை அணிந்திருக்க வேண்டும், இடம் மாறினால் பதினொருவரும் ஒரு விநாடியாவது அசையாமல் நின்ற பிறகே பந்தைப் பின்னால் கொடுக்க வேண்டும் என்பவைதான் முக்கியமான நிபந்தனைகள். 160 அடி அகலமான அந்த மைதானத்தில் வரிசையை எந்தப் பக்கம் நிறுத்துவது என்பது அணியின் விருப்பம். நீங்கள் பார்த்த அமைப்பை அங்கே ‘ஸ்விங்கிங் கேட்’ என்கிறார்கள். கோட்டில் பந்தைக் கொடுக்கும் சென்டரும் விலகி நின்ற அறுவரும். பின்னால் நால்வர்: கணக்கு விதிக்குள் சரியாக அடங்குகிறது.

திருகோணமலை மக்கெய்சர் விளையாட்டரங்கில் உதைபந்தாட்டம் பார்த்துப் பழகிய நம் கண்கள் பந்தையே தேடும். அந்தக் காணொளியை மறுபடி பார்க்கும்போது, பந்து கை மாறுவதற்கு முந்திய கணத்தில் நிறுத்தி, ஒவ்வொரு பக்கமும் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தாக்கும் அணியில் இடப்பக்கம் எட்டுப் பேர், வலப்பக்கம் மூவர். எதிரணி ஒன்பது பேரை இடப்பக்கம் அனுப்பியிருந்தால், வலப்பக்கம் அவர்களுக்கு மிஞ்சுவது இருவர். அந்த இருவரைச் சென்டரும் வலப்பக்கம் நின்றவரும் மறித்துவிட, பந்தோடு ஓடுபவரைத் தடுக்க ஒருவரும் இல்லை. மாறாக, எதிரணி வலப்பக்கம் நால்வரை வைத்திருந்தால் இடப்பக்கம் ஏழு பேரே எஞ்சுவர். அப்போது பந்து அந்தப் பக்கம் போகும், ஏழு பேர் ஏழு பேரை மறிக்க, எட்டாமவர் ஓடுவார். எட்டுக்கு எட்டு, மூன்றுக்கு மூன்று என்று பிரிந்து நிற்பதே எதிரணிக்குப் பாதுகாப்பு. அப்படி நின்றால் எந்தப் பக்கம் ஓடினாலும் மறிக்கப்படாத ஒருவர் காத்திருப்பார்.

ஆகவே அந்த டச்டவுனை வேகமோ நடிப்போ பெற்றுத் தரவில்லை. பழக்கமில்லாத அமைப்பைக் கண்ட எதிரணியினர், தங்களுக்குள் கத்திப் பேசி, எண்ணி, பிரிந்து நிற்கச் சில விநாடிகளே இருந்தன. பெரிய கூட்டம் நிற்கும் பக்கம் ஒருவர் கூடுதலாக ஓடியிருப்பார். அந்த ஒருவருடைய இடம்தான் வாசல். கிளித்தட்டு ஆடியவர்களுக்கு இது புரியும்: தட்டைக் காப்பவரை ஒருவர் ஒரு முனைக்கு இழுத்துவைக்க, மறுமுனையால் இன்னொருவர் கடந்துவிடுவார் அல்லவா?

கேள்வி: இது ஏமாற்று வேலை இல்லையா? பிள்ளைகளுக்கு விளையாட்டு ஒழுக்கம் கற்பிக்கும் எனக்கு நெருடுகிறது.
– ஆசிரியை, உவர்மலை

பதில்: எதிரணி பார்க்கக்கூடிய இடத்தில், மத்தியஸ்தரின் கண் முன்னே, ஒரு விநாடி அசையாமல் நின்று ஆடுவதை ஏமாற்று என்று நான் கருதவில்லை. ஆளை மறைத்து ஆடுவதைக் கல்லூரி விதிகளே தடுக்கின்றன: ஆளை மாற்றும் சாக்கில் ஒருவரை மைதானத்தின் ஓரத்தில் ஒளித்து வைக்க முடியாது.

எல்லை எங்கே என்பதைக் காட்டும் ஓர் ஓட்டம் உண்டு. 1984 ஜனவரி 2ஆம் திகதி மயாமியில் நடந்த ஒரேஞ்ச் போல் ஆட்டத்தில், தோல்வியே காணாமல் வந்த நெப்ராஸ்கா அணி 17–0 எனப் பின்தங்கியிருந்தது. வழக்கமாகப் பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்துபவரான குவார்ட்டர்பேக் டேர்னர் கில், பந்தை வாங்கிய உடனே அதை வேண்டுமென்றே தரையில் வைத்துவிட்டு, கையில் பந்து இருப்பதுபோல் வலப்பக்கம் ஓடினார். கோட்டில் நின்ற டீன் ஸ்டெய்ன்கூலர் என்னும் பருத்த உடம்புக்காரர், பிறரை மறிப்பதையே தொழிலாகக் கொண்டவர், அதைப் பொறுக்கிக்கொண்டு இடப்பக்கமாக 19 யார் ஓடி டச்டவுன் பெற்றார். ஆட்டத்தில் நெப்ராஸ்கா 31–30 என ஒரு புள்ளியால் தோற்றாலும் அந்த ஓட்டம் மறக்கப்படவில்லை. பந்தைத் திட்டமிட்டுத் தரையில் விடும் அந்த உத்தியைப் பின்னர் கல்லூரி விதிகள் தடைசெய்தன, அது சரியென்றே நினைக்கிறேன். பந்து எங்கே என்பது மத்தியஸ்தருக்கே தெரியாத ஆட்டத்தை யார் நடுநிலையாக நடத்த முடியும்? உங்கள் மாணவர்களுக்கு இந்த இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டலாம்.

கேள்வி: பந்தைக் குவார்ட்டர்பேக்கிடம் கொடுக்காமல் ஓட்டக்காரரிடமே நேரே கொடுப்பதால் என்ன இலாபம்?
– வாசகர், மூதூர்

பதில்: ஓர் ஆள் இலாபம். வழக்கமாகக் குவார்ட்டர்பேக் பந்தை ஓட்டக்காரரிடம் ஒப்படைத்தபின் பெரும்பாலும் பார்வையாளராகிவிடுவார். ஓடுபவரையும் அவரையும் கழித்தால் பதினொரு பேரை மறிக்க ஒன்பது பேரே மிஞ்சுவர். நேரே ஓட்டக்காரரிடம் போனால் பத்துப் பேர் மறிக்கலாம், மிஞ்சும் ஒருவரை ஓடுபவர் தானே வெல்ல வேண்டும். 2006இல் ஆர்கன்சா பல்கலைக்கழகம் டரன் மக்ஃபாடனை வைத்து இப்படி ஆடியது. அங்கிருந்து போன பயிற்றுநர் டேவிட் லீ மூலம் அது தொழில்முறை அணியான மயாமி டொல்பின்ஸுக்கு வந்தது. 2008 செப்டம்பர் 21ஆம் திகதி அவர்கள் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸை 38–13 என வென்றபோது ரொனி பிரவுண் ஓட்டத்தால் மட்டும் 4 டச்டவுன்கள் பெற்றார்.

கேள்வி: இவ்வளவு நல்ல உத்தியென்றால் ஏன் ஒவ்வொரு முறையும் பயன்படுத்துவதில்லை?
– வாசகர், கிண்ணியா

பதில்: பந்தை எறிந்து ஆட வேண்டுமானால் குவார்ட்டர்பேக்கின் முன்னால் மறிப்பவர்களின் சுவர் வேண்டும், சுவரோ தொலைவில் நிற்கிறது. தூரத்தில் நிற்பவருக்குப் பக்கவாட்டில் பின்னோக்கி எறியும் பந்து தவறினால், எதிரணியும் அதை எடுத்துக்கொள்ளலாம். எதிரணி ஒருமுறை பார்த்துவிட்டால் எண்ணி நிற்கவும் கற்றுக்கொள்ளும். எண்ண நேரம் போதாவிட்டால், ஒவ்வொரு பாதிக்கும் கிடைக்கும் மூன்று இடைநிறுத்தங்களில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளும். அதனால்தான், டச்டவுனுக்குப் பின் 3 யார் தூரத்திலிருந்து கிடைக்கும் மேலதிக முயற்சியின்போது இது அதிகம் தென்படுகிறது. சிப் கெலி பயிற்றுநராக இருந்த காலத்து ஒரிகன் அணி முதலில் இப்படி விலகி நின்று பார்க்கும். எதிரணி தவறாகப் பிரிந்திருந்தால் ஓடியோ எறிந்தோ 2 புள்ளிக்கு முயலும், சரியாகப் பிரிந்திருந்தால் வழமையான அமைப்புக்கு நகர்ந்து, பந்தை உதைத்து 1 புள்ளியை எடுத்துக்கொள்ளும்.